ரன்னிங் பேக் என்ன பாவம் பண்ணினான்?

முன்குறிப்பு: இது அமெரிக்கன் ஃபுட்பால் பதிவு. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். "கையில வச்சுக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்குய்யா ஃபுட்பால்னு பேரு?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு: நியாயமான கேள்விதான், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

செர்ரி ஹில்லில் ஒரு நண்பர் இருக்கார். என்னைவிட மூணு வயசு பெரியவர், அண்ணன்னுதான் கூப்பிடுவேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் வெறியர். நான் எடிசன்வாசி, நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். (பேருக்குத்தான் நியூயார்க். ஆடுறதெல்லாம் எங்க நியூஜெர்ஸி ஈஸ்ட் ரதர்ஃபோர்டில்.) வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில, டிராஃப்ட் நடக்கிற ராத்திரி, அண்ணன்கிட்ட இருந்து ஃபோன் வரும். பல்லவி ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, முதல் ரவுண்டுல ரன்னிங் பேக்கை எடுக்கிறவன் ஜெனரல் மேனேஜரே இல்லப்பா. பொசிஷனல் வேல்யூன்னு ஒண்ணு இருக்கு."

இதைச் சொல்ற அண்ணன் 2024 சீசன் முழுக்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சது யார் பேர் எழுதின சட்டை? ஸேக்வான் பார்க்லி. ரன்னிங் பேக். 2018-ல் முதல் ரவுண்டுல, அதுவும் ரெண்டாவது ஆளா எடுக்கப்பட்டவர். எடுத்தது எங்க ஜயன்ட்ஸ். அனுபவிச்சது அவங்க ஈகிள்ஸ்.

அண்ணன் மட்டும் இல்லை. டிவியில கோட்டு போட்டு உக்காந்திருக்கிறவர், ஆபீஸ் கேன்டீன்ல சமோசா சாப்பிடுறவர், எக்ஸெல் ஷீட் வச்சிருக்கிற இருபத்திரெண்டு வயசுப் பையன், எல்லாரும் இதையே வேதவாக்கா ஓதுறாங்க. குவார்ட்டர்பேக் தங்கம், அவனைக் காப்பாத்துற டேக்கிள் வெள்ளி, எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துறவனும் வெள்ளி, ரன்னிங் பேக் ஈயம். ஏன்னு கேட்டா, "இப்ப இது பாஸிங் லீக்"னு ஒரு வரி பதில். அந்தப் பதில் முழுப் பொய் இல்லை. ஆனா முக்கால்வாசி மறைக்குது. அந்த முக்கால்வாசியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிராஃப்ட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கல்லூரியில ஆடிட்டு வர்ற பையன்களை 32 அணிகளும் வரிசையா, ஏழு ரவுண்டுல பிரிச்சு எடுத்துக்கும். போன சீசன்ல மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்பு. ஐ.பி.எல். ஏலம் மாதிரி போட்டி போட்டுக் காசு ஏத்துற கதையெல்லாம் கிடையாது. எந்த அணி பேரைச் சொல்லுதோ அங்கதான் ஆடணும். யார் பேரைச் சொல்றதுன்னு முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் ஜெனரல் மேனேஜர்.

இப்பக் காசுக்கு வருவோம். 2010-ல் முதல் ஆளா எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதுல 5 கோடி உத்தரவாதம். ஒரு ஆட்டம் கூட ஆடுறதுக்கு முன்னாடி! பழைய ஆட்டக்காரர்களுக்கும் கடுப்பு, முதலாளிகளுக்கும் கடுப்பு. 2011-ல் புதுத் தொழில் ஒப்பந்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் புதுப் பையன் சம்பளம் அவன் எத்தனையாவது ஆளா எடுக்கப்பட்டான்கிறதை வச்சுத்தான். எந்த இடத்துல ஆடுறான்கிறது கணக்கே இல்லை. அந்த வருஷம் முதல் ஆளா வந்த கேம் நியூட்டனுக்குக் கிடைச்சது நாலு வருஷத்துக்கு 2.2 கோடி.

கவனிங்க. இங்கதான் சூட்சுமம்.

2020-ல் முதல் ஆளா வந்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. நாலு வருஷத்துக்குச் சேர்த்து 3.6 கோடி டாலர் சொச்சம், அதாவது வருஷத்துக்கு 90 லட்சம். 2023-ல் அவருக்கே புது ஒப்பந்தம் போட்டப்போ வருஷத்துக்கு 5.5 கோடி. அப்ப ரூக்கி ஒப்பந்தத்துல அவர் ஆடின ஒவ்வொரு வருஷமும் அணிக்கு மிச்சம் நாலரைக் கோடி. 2018-ல் ரெண்டாவது ஆளா வந்த பார்க்லிக்கு நாலு வருஷத்துக்கு 3.12 கோடி, வருஷத்துக்கு 78 லட்சம். 2024-ல் ஈகிள்ஸ் அவரைச் சந்தையில வாங்கினப்போ மூணு வருஷத்துக்கு 3.775 கோடி, வருஷத்துக்கு 1.26 கோடி. அணிக்கு மிச்சம் வருஷத்துக்கு ஐம்பது லட்சம் கூடத் தேறலை.

இவ்வளவுதான் மக்களே பொசிஷனல் வேல்யூ. எந்த இடம் ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுக்கும்கிறதைவிட, எந்த இடத்துக்கு ஆள் எடுத்தா கூலியில எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்கிறதுதான் இங்க பேசுது. சாலரி கேப்னு ஒரு மொத்த வரம்பு இருக்கு (2024-ல் 25.5 கோடி டாலர் சொச்சம்), அதனால கணக்குப் பார்க்கிறது தப்பே இல்லை. நான் ஜெனரல் மேனேஜரா இருந்தாலும் பார்ப்பேன். என் சண்டை வேற. கணக்குப்பிள்ளை வேலையைப் பார்த்துட்டு, அதை ஆட்ட ஞானம்னு பேர் வச்சு விக்காதீங்கய்யா!

இன்னும் கேளுங்க. ரன்னிங் பேக்கோட சந்தை விலை ஏன் அடிமட்டத்துல இருக்கு? 21 வயசுல வர்றான். நாலு வருஷம் ரூக்கி ஒப்பந்தம். முதல் ரவுண்டுல வந்தவனா இருந்தா, அஞ்சாவது வருஷத்தையும் வச்சுக்கிற உரிமை அணிக்கு உண்டு. அப்புறம் ஃப்ரான்சைஸ் டேக்னு ஒண்ணு, உன்னை வெளியே விடமாட்டோம், ஒரு வருஷத்துக்கு இந்தா காசுன்னு சொல்ற அதிகாரம். ஆக 27 வயசு வரைக்கும் அவனால சந்தைக்கே போக முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துலயும் இருபது தடவை, 130 கிலோ ஆளுங்க குவியலுக்குள்ள தலையைக் கொடுக்கிற வேலை. சந்தைக்கு வரும்போது, "வயசாயிடுச்சு, முட்டி தேஞ்சிருச்சு"ன்னு விலையைக் குறைக்கிறாங்க. விலை குறைவா இருக்கிறதால, "பாரு, இந்த இடத்துக்கு மதிப்பே இல்லை, டிராஃப்ட்ல முன்னாடி எடுக்காதே"ன்னு சொல்றாங்க. நீங்களே தேய்ச்சுட்டு நீங்களே தேய்மானம் கழிக்கிறீங்க. இது எந்த ஊர் நியாயம்?

2013-லயும் 2014-லயும் முதல் ரவுண்டுல ஒரு ரன்னிங் பேக் கூட எடுக்கப்படலை. 2018-ல் லீவியான் பெல் ரெண்டாவது தடவை டேக் போட்டதை ஏத்துக்காம அந்த சீசன் முழுக்க வீட்டுல உக்காந்தார். 2022-ல் லீக்கிலேயே அதிகமா ஓடினவர் ஜாஷ் ஜேக்கப்ஸ், 1,653 யார்டு. பரிசு? அடுத்த வருஷம் டேக். அதே வருஷம் பார்க்லிக்கும் டேக், 1.01 கோடி. அந்த வருஷக் குவார்ட்டர்பேக் டேக் 3.24 கோடி. ஜூலையில ரன்னிங் பேக்குகள் எல்லாம் கம்ப்யூட்டர்ல கூட்டம் போட்டுப் புலம்பினாங்க. புலம்பத்தான் முடிஞ்சது.

"சரிப்பா, உங்க ஜயன்ட்ஸ் 2018-ல் பார்க்லியை எடுத்து என்னத்தைக் கிழிச்சாங்க?" அண்ணன் கேட்பார். கேட்கட்டும், பதில் இருக்கு.

அப்போ ஜெனரல் மேனேஜர் டேவ் கெட்டில்மன். அந்த டிராஃப்ட்ல ஏழாவது ஆளா ஜாஷ் ஆலன், 32-வது ஆளா லாமார் ஜாக்ஸன்னு குவார்ட்டர்பேக்குகள் இருந்தாங்க. எங்க குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயசு 37. கெட்டில்மன் பார்க்லியை எடுத்தார். எடுத்துட்டு, ரன்னிங் பேக்குக்கு மதிப்பில்லைன்னு எழுதுற புள்ளிவிவரக்காரர்களைக் கிண்டல் பண்ணிக் கீபோர்டு தட்டுற மாதிரி நடிச்சுக் காட்டினார். அன்னையிலேர்ந்து அவர்தான் எல்லாருக்கும் உதாரணப் புருஷன். ரன்னிங் பேக்கை முன்னாடி எடுத்தா கெட்டில்மன் ஆயிடுவேன்னு பயமுறுத்துறதுக்கு.

ஆனா அவர் தப்பு ரன்னிங் பேக்கை எடுத்ததுல இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம். இந்த ஆட்டத்துல சுவர்னா அஃபென்ஸிவ் லைன், முன்னாடி நின்னு வழி பண்ணித் தர்ற அஞ்சு பேர். முதல் வருஷத்துல பார்க்லி ஓட்டமும் பிடிச்ச பந்தும் சேர்த்து 2,028 யார்டு. சிறந்த புதுமுகம் விருது. அணி ஜெயிச்சது அஞ்சே ஆட்டம். நேர்மையாச் சொல்லணும்னா கெட்டில்மனும் சுவர் கட்டத்தான் பார்த்தார். அதே 2018-ல் நேட் ஸோல்டர்ங்கிற டேக்கிளுக்கு நாலு வருஷத்துக்கு 6.2 கோடி கொட்டினார், ரெண்டாவது ரவுண்டுல ஒரு கார்டையும் எடுத்தார். கட்டினது மண்சுவராப் போச்சு. ஆண்ட்ரூ தாமஸ்னு ஒரு உருப்படியான டேக்கிள் வந்ததே 2020-ல். அதே வருஷம் ரெண்டாவது ஆட்டத்துல பார்க்லியோட முட்டி போயிருச்சு.

பக்கத்துல ஈகிள்ஸைப் பாருங்க (எழுதும்போதே வயிறு எரியுது). ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன். 2011-ல் ஆறாவது ரவுண்டுல ஜேஸன் கெல்ஸி, 2013-ல் நாலாவது ஆளா லேன் ஜான்ஸன், 2018-ல் ஏழாவது ரவுண்டுல ஜோர்டன் மைலாட்டா. இந்த மைலாட்டா ஆஸ்திரேலியாவுல ரக்பி ஆடிக்கிட்டிருந்தவர், அமெரிக்கன் ஃபுட்பாலே ஆடினது கிடையாது. 2013-லேர்ந்து பல வருஷம் லைனைப் பயிற்சி பண்ணின ஜெஃப் ஸ்டௌட்லண்டுதான் அவரை மலையா மாத்தினார். எதிரணியை உடைக்கிற பக்கத்துக்கும் அதே கதை: 2022-ல் ஜோர்டன் டேவிஸ், 2023-ல் ஜேலன் கார்ட்டர், ரெண்டு பேரும் முதல் ரவுண்டு. அந்தச் சுவரெல்லாம் எழுந்து நின்னதுக்கு அப்புறம்தான் 2024-ல் சித்திரக்காரனை வாங்கினார்.

பார்க்லி அந்த சீசன் 345 தடவை பந்தைத் தூக்கி 2,005 யார்டு ஓடினார். 27 வயசுல. "தேஞ்சு போன" முட்டியோட. 2025 பிப்ரவரி 9, அவரோட 28-வது பிறந்தநாள், சூப்பர் பவுல்ல கன்ஸாஸ் சிட்டியை 40-22. அன்னிக்கு அவர் பெருசா ஓடலை, உண்மை. அன்னிக்கு ஜெயிச்சுக் கொடுத்தது மகோம்ஸை ஆறு தடவை கீழே தள்ளின டிஃபென்ஸிவ் லைன். ஆனா அந்த மேடை வரைக்கும் அணியைத் தூக்கிட்டு வந்ததுல அவர் பங்கு என்னன்னு அண்ணன்கிட்டயே கேளுங்க.

இதுல கொடுமை என்னன்னா, ஜயன்ட்ஸ் 2023-ல் பொசிஷனல் வேல்யூ பாடப்புத்தகத்தை வரிக்கு வரி பின்பற்றினாங்க. புது ஜெனரல் மேனேஜர் ஜோ ஷோன். குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 16 கோடி. ரன்னிங் பேக்குக்கு டேக். அடுத்த வருஷம் டேக் கூட இல்லை, "போய் வா ராசா". பார்க்லி ஃபிலடெல்ஃபியா போயிட்டா எனக்குத் தூக்கம் வராதுன்னு முதலாளி ஜான் மாரா புலம்பினதை டிவியிலயே காட்டினாங்க. 2024-ல் ஈகிள்ஸ் கோப்பை, நாங்க 3 வெற்றி 14 தோல்வி. 16 கோடி குவார்ட்டர்பேக்கை அந்த நவம்பர்லயே வீட்டுக்கு அனுப்பியாச்சு. (2025-ல் அவர் இண்டியானாபோலிஸ் போய், காயம்படுற வரைக்கும் நல்லாவே ஆடினார். அது தனி வயித்தெரிச்சல்.)

இப்பச் சொல்லுங்க. புத்தகத்தை மீறினவரும் தோத்தார், புத்தகப்படி நடந்தவரும் தோத்தார். ஆனா கேலிக்கு ஆளானது யாரு?

இங்கதான் எனக்கு ரெண்டாவது சந்தேகம் வருது. குவார்ட்டர்பேக் மேல ஜெனரல் மேனேஜர்களுக்கு இருக்கிற காதல்ல கணக்கு பாதி, பயம் பாதி. 2021 டிராஃப்டைப் பாருங்க. முதல் ரவுண்டுல அஞ்சு குவார்ட்டர்பேக்: லாரன்ஸ், வில்ஸன், லான்ஸ், ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ். நாலாவது சீசன் தொடங்கும்போது எடுத்த அணியிலேயே இருந்தவர் லாரன்ஸ் ஒருத்தர்தான். டிரே லான்ஸை எடுக்க ஸான் ஃப்ரான்சிஸ்கோ மூணு வருஷத்து முதல் ரவுண்டு வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்துச்சு. அடுத்த வருஷம் டிராஃப்ட்டின் கடைசி ஆளா, 262-வதா, பிராக் பர்டின்னு ஒருத்தரை எடுத்து, அவரை வச்சுத்தான் சூப்பர் பவுல் போனாங்க. ரன்னிங் பேக் விஷயத்துல இந்த மாதிரி தோல்வி விகிதம் இருந்திருந்தா சட்டம் போட்டே தடுத்திருப்பாங்க.

ஆனா குவார்ட்டர்பேக்னா மன்னிப்பு ரெடி. சிகாகோவில் ரையன் பேஸ் 2017-ல் மேலே ஏறி வந்து மிட்ச் டிரூபிஸ்கியை ரெண்டாவது ஆளா எடுத்தார். பத்தாவது ஆளாப் போனவர் பேட்ரிக் மகோம்ஸ்! அதுக்கப்புறமும் பேஸ் 2022 ஜனவரி வரைக்கும் நாற்காலியில இருந்தார். 2021-ல் இன்னொரு தடவை மேலே ஏறி இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்தார். பையன் வளரணும், நேரம் கொடுங்கன்னு சொல்லி ரெண்டு மூணு வருஷம் ஓட்டிடலாம். கார்டை எடுத்துட்டு அப்படி யாராவது நேரம் கேட்க முடியுமா? எல்லாருக்கும் இந்த யோகம் இல்லைங்கிறதும் உண்மை. கரோலினாவில் ஸ்காட் ஃபிட்டரர் 2023-ல் பிரைஸ் யங்கை எடுக்க ஊர்ப்பட்டதைக் கொடுத்தார், ஒரே சீசன்ல வேலை போச்சு. ஆனாலும் அந்தச் சூதாட்டத்தை ஆடாதவனைத்தான் கோழைன்னு சொல்றாங்க.

பயமில்லாத ஆளுங்களும் இருந்திருக்காங்க. 1996-ல் க்ளீவ்லாண்டிலிருந்து பால்டிமோர் வந்த ரேவன்ஸுக்கு முதல் டிராஃப்ட். நாலாவது வாய்ப்பு. முதலாளி ஆர்ட் மோடெலுக்கு லாரன்ஸ் ஃபிலிப்ஸ்ங்கிற ரன்னிங் பேக் மேல ஆசை. அணியில டேக்கிள் ஏற்கெனவே இருக்கார். ஆஸி நியூஸம் தன் பட்டியல்ல மேல இருந்த டேக்கிள் ஜானதன் ஆக்டனை எடுத்தார், முதல் வருஷம் கார்டா ஆட வச்சார். அதே ரவுண்டுல 26-வது ஆளா ரே லூயிஸ். ரெண்டு பேரும் இப்ப ஹால் ஆஃப் ஃபேம். நியூஸம் ரன்னிங் பேக்கை வேண்டாம்னு சொன்னதால இதைச் சொல்லலை. இடத்தைப் பார்க்காம ஆளைப் பார்த்தார், அதுக்காகச் சொல்றேன்.

டெட்ராய்ட்ல பிராட் ஹோம்ஸ் இதையே ரன்னிங் பேக் பக்கம் செஞ்சார். 2021-ல் வேலைக்கு வந்து எடுத்த முதல் ஆள் டேக்கிள் பெனை ஸூவல். சுவர் தயார். 2023-ல் 12-வது ஆளா ஜமீர் கிப்ஸ், ரன்னிங் பேக். 18-வது ஆளா ஜாக் கேம்பெல், லைன்பேக்கர், அதுவும் "மதிப்பில்லாத" இடம்தான். அன்னிக்கு ராத்திரி அவரைத் திட்டாத வாய் இல்லை. அந்த சீசன் 12 வெற்றி, மாநாட்டு இறுதி ஆட்டம். அடுத்த சீசன் 15 வெற்றி, கிப்ஸ் மட்டும் 16 தடவை ஓடிப்போய் டச்டவுன், பந்து பிடிச்சு இன்னும் நாலு. கோப்பை வரலை, அதையும் சொல்லிடறேன்.

என் சுவர்க் கொள்கையிலயும் ஒரு ஓட்டை இருக்கு. யாராவது பின்னூட்டத்துல வந்து குத்துறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். 2021-ல் அந்த ஸூவலை சின்சினாட்டி எடுத்திருக்கலாம். பர்ரோவுக்கு முந்தின வருஷம்தான் முட்டி உடைஞ்சிருந்தது, லைன் ஓட்டை உடைசல். அவங்க ஸூவலை விட்டுட்டு பந்து பிடிக்கிற ஜமார் சேஸை எடுத்தாங்க. நான் அன்னிக்குக் கைகொட்டிச் சிரிச்சேன். அந்த வருஷமே சூப்பர் பவுல் போயிட்டாங்க! என் முகத்துல கரி. ஆனா வழக்கமான சீசன்ல மட்டும் பர்ரோ 51 தடவை கீழே விழுந்தார், டென்னஸியோட ஒரே ஆட்டத்துல ஒன்பது தடவை, சூப்பர் பவுல்ல ஏழு தடவை. 23-20 தோல்வி. அந்தக் கடைசி பந்துல அவருக்கு இன்னும் ரெண்டு வினாடி கிடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, கரியை நான் கொஞ்சம் துடைச்சுக்கலாம்.

2025 டிராஃப்ட்ல எங்க ஜயன்ட்ஸ் திருந்திட்டாங்க, அதாவது அண்ணன் பாஷையில. மூணாவது ஆளா துரத்துறவன், மறுபடி மேலே ஏறி 25-வது ஆளா ஒரு குவார்ட்டர்பேக், நாலாவது ரவுண்டுல 105-வது ஆளா ஒரு ரன்னிங் பேக். கேம் ஸ்கட்டபோ. "இதுதாம்பா டிராஃப்ட், இப்பத்தான் உங்காளுங்களுக்குப் புத்தி வந்திருக்கு"ன்னு அண்ணனே பாராட்டினார். பையன் சும்மா சொல்லக்கூடாது, கண்ல பட்டவனையெல்லாம் முட்டித் தள்ளினான். எங்க வீட்டுல ஃபுட்பால்னாலே எழுந்து போற என் மனைவி கூட, "அந்த முட்டுற பையன் வந்துட்டானா?"ன்னு கேட்டு உக்காந்தாங்க. சம்பளம்? நாலாவது ரவுண்டு சம்பளம், நாலு வருஷத்துக்கு.

அக்டோபர் 26, ஃபிலடெல்ஃபியா. ஆட்டம் ஆரம்பிச்சவுடனே பார்க்லி 65 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், எங்க பழைய பார்க்லி. கொஞ்ச நேரத்துல ஸ்கட்டபோ கீழே விழுந்தான். வலது கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்துச்சு. என் மனைவி டிவியை அணைச்சிட்டாங்க. வண்டியில ஏத்திக் கொண்டு போனதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

ஈகிள்ஸ் ஜெயிச்சா அஞ்சு நிமிஷத்துல வந்துடும் ஃபோன், அன்னிக்கு வரலை.